இ-ரீடர் வாங்கும் முன்: முதலில் புத்தகம், அப்புறம்தான் கருவி

"எந்த இ-ரீடர் வாங்கலாம்?" என்று, மின்னூல் படிப்பதற்கென்றே இருக்கும் அந்தக் கருவியைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன படிக்கப் போகிறீர்கள், அது எங்கிருந்து வரப் போகிறது? பெரும்பாலும் பதில் வராது. எத்தனை இன்ச், எத்தனை ஜிபி, கலர் உண்டா என்பதிலேயே பேச்சு ஓடும்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் இ-ரீடர் வந்த அன்று, பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த முந்நூறு சொச்சம் தமிழ் பிடிஎஃப்களை அப்படியே உள்ளே தள்ளினேன். ஒன்றைத் திறந்தால் எழுத்துகள் எறும்புச் சாரை போல இருந்தன. பெரிதாக்கினால் வரி ஸ்கிரீனுக்கு வெளியே ஓடியது. வலப்பக்கம் தள்ளி, இடப்பக்கம் இழுத்து, ஒரு பத்தியை முடிப்பதற்குள் அதன் முதல் வரி மறந்து போனது. மூன்றாம் நாளே அது மேசை டிராயருக்குள் போய்விட்டது. கருவியில் ஒரு குறையும் இல்லை, பொருத்தம் பார்க்காமல் நான் செய்து வைத்த கல்யாணம் அது, அவ்வளவுதான்.

அதனால் இந்தக் கட்டுரையில் கருவியின் அம்சங்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

1. உங்களுக்கு இது தேவையா?

கைபேசியின் ஸ்கிரீனும் இ-ரீடரின் ஸ்கிரீனும் வேறு வேறு ஜாதி. கைபேசி வெளிச்சத்தை உங்கள் கண்ணை நோக்கி வீசுகிறது. இ-ரீடரில் இருப்பது இ-இங்க் எனப்படும் மின் மை: தலைமுடி அளவு பருமன் கொண்ட மிகச் சிறிய குமிழ்கள், அவற்றுக்குள் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்புலத்தைக் கொடுத்தால் கறுப்பு மேலே வரும், திசையை மாற்றினால் வெள்ளை மேலே வரும். வந்த துகள் வந்த இடத்திலேயே நிற்கும், நிற்பதற்குத் தனியாக மின்சாரம் வேண்டாம். பக்கம் திரும்பும்போதுதான் ஸ்கிரீன் பேட்டரியைச் செலவழிக்கிறது. மேலே விழும் வெளிச்சத்தில் காகிதத்தைப் போலவே படிப்பதால் வெயிலில் உட்கார்ந்தாலும் எழுத்து மங்காது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து 1997-ல் இ-இங்க் நிறுவனம் பிறந்தது, 2004-ல் சோனி இதை வைத்து லிப்ரியே என்ற ரீடரை ஜப்பானில் விற்றது, 2007-ல் அமேசானின் கிண்டில் வந்த பிறகுதான் ஊரெல்லாம் பேச ஆரம்பித்தார்கள்.

இந்தத் துகள்கள் கொஞ்சம் சோம்பேறிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கம் மாறும்போது ஒரு சிமிட்டல் தெரியும், முந்தைய பக்கத்தின் நிழல் சில நேரம் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். நாவல், சிறுகதை, கட்டுரை என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் போகிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நாற்பதாம் பக்க அட்டவணைக்கும் நூற்றுப்பத்தாம் பக்க விளக்கத்துக்கும் மாறி மாறித் தாவும் பாடப்புத்தகம் என்றால் எரிச்சல்தான் மிஞ்சும், அதற்கு டேப்லெட்டே மேல்.

சந்தேகமாக இருந்தால் ஒரு பரிசோதனை. கிண்டில், அதன் போட்டியாளரான கோபோ இரண்டுக்கும் இலவச கைபேசி ஆப் உண்டு. இரண்டு வாரம் அதில் ஒரு முழுப் புத்தகத்தைப் படித்துப் பாருங்கள். புத்தகம் பிடித்திருந்தும், நடுவில் வந்த மெசேஜ்களாலும் கண் எரிச்சலாலும் முடிக்க முடியாமல் போனதென்றால் உங்களுக்கு இ-ரீடர் வேண்டும். புத்தகத்தையே திறக்கவில்லை என்றால், கருவி வாங்கியும் திறக்கப் போவதில்லை.

2. பத்துப் புத்தகப் பட்டியல்

ஒரு தாளை எடுத்து, கடைசியாகப் படித்த ஐந்து புத்தகங்களையும் அடுத்துப் படிக்க நினைக்கும் ஐந்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது மின்னூலாக எங்கே கிடைக்கிறது என்று தேடிக் குறியுங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் இந்தக் கட்டுரையில் உருப்படியான படி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். முடித்துப் பார்த்தால் பட்டியல் மூன்று குவியலாகப் பிரிந்திருக்கும்.

முதல் குவியல், காசு கொடுத்து வாங்க வேண்டியவை. இங்கே நீங்கள் தேர்ந்தெடுப்பது கருவியை விட, அதன் பின்னால் இருக்கும் கடையைத்தான். கடைகள் விற்கும் மின்னூல்களில் பெரும்பாலானவற்றில் டிஆர்எம் என்ற பூட்டு இருக்கிறது. கிண்டில் கடையில் வாங்கிய பூட்டுள்ள நூல் கோபோவில் திறக்காது, கோபோவில் வாங்கியது கிண்டிலில் திறக்காது. ஐந்து வருடம் ஒரு கடையில் வாங்கிக் குவித்துவிட்டு அடுத்த கம்பெனிக்குத் தாவலாம் என்று நினைத்தால் பழைய நூலகம் பின்னால் வராது. தமிழ் நூல்கள்தான் முக்கியம் என்றால், 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு அமேசான் கதவைத் திறந்ததிலிருந்து கிண்டில் கடையில்தான் அவை அதிகமாகச் சேர்ந்திருக்கின்றன. உங்கள் பட்டியலும் அதையே சொன்னால் மற்ற வாதங்களுக்கு அதிகம் வேலை இல்லை.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பூட்டுள்ள மின்னூலில் நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமம். 2009-ல் உரிமைச் சிக்கல் என்று சொல்லி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே சில நூல்களை அமேசான் தொலைவிலிருந்து அழித்தது. அழிந்தவற்றில் ஒன்று, எல்லாவற்றையும் கண்காணிக்கும் அரசைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. கற்பனை செய்தால்கூட இப்படி அமையாது. மைக்ரோசாஃப்ட் 2019-ல் தன் மின்னூல் கடையையே மூடியது, பணம் திரும்ப வந்தது, புத்தகங்கள் போயின.

இரண்டாம் குவியல், இலவசமாகக் கிடைப்பவையும் பூட்டில்லாத உங்கள் சொந்த ஃபைல்களும். சங்க இலக்கியத்திலிருந்து பின்னால் வந்தவை வரை 1998 முதல் மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில், யாரும் இலவசமாகப் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த தமிழ் நூல்கள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கு 1971-ல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் இருக்கிறது. இங்கே எடுக்க வேண்டிய வடிவம் இபப். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கி ஸ்கிரீனுக்குள் அடங்கும்.

கோபோ, பாக்கெட்புக் போன்ற ரீடர்களில் கேபிளைச் செருகி இபப் ஃபைலை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. கிண்டிலில் அப்படி இழுத்துப் போட்டால் நூல் கண்ணிலேயே படாது, புதியவர்கள் குழம்பும் இடம் இது. 'சென்ட் டு கிண்டில்' என்ற சேவை வழியாக அனுப்ப வேண்டும். அது 2022 முதல் இபப்பை வாங்கித் தனக்கேற்ற வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. இன்னொரு வழி காலிபர். 2006-லிருந்து வளர்ந்து வரும் இலவச மென்பொருள், நூல்களை அடுக்கி வைக்க, வடிவம் மாற்ற, கருவிக்கு அனுப்ப எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். எந்தக் கருவி வாங்கினாலும் காலிபரைக் கணினியில் போட்டு வையுங்கள். கிண்டில் கடையில் வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி கேபிள் வழியாக மாற்றும் வசதியை 2025 பிப்ரவரியில் அமேசான் நிறுத்திவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

மூன்றாம் குவியல் பிடிஎஃப். என்னை டிராயர் வரை கொண்டுபோன குவியல். இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 6 இன்ச் ஸ்கிரீனின் அகலம் ஏறக்குறைய 91. முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால் எல்லாம் 43 சதவீதத்துக்குச் சுருங்கும், தாளில் 11 புள்ளி அளவில் இருந்த எழுத்து 5-க்கும் கீழே போய்விடும். 7.8 இன்ச்சில் அதே எழுத்து 6 புள்ளி சொச்சம். 10.3 இன்ச்சில் 8-க்குச் சற்று மேலே, அங்கேதான் கண் சுருக்காமல் படிக்க முடிகிறது. ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டுப் பார்க்கும் வசதி இருந்தால் கொஞ்சம் மீளலாம், ஆனால் 6 இன்ச்சில் அதுவும் ஒப்பேற்றல்தான்.

பிடிஎஃப்பை இபப்பாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஸ்கேன் செய்தது என்றால் உள்ளே இருப்பது வெறும் படம், மாற்ற எழுத்தே இல்லை. பழைய தமிழ் பிடிஎஃப்களில் வேறொரு வில்லங்கம். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றுக்கு உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறது. இபப்புக்கு மாற்றியதும் முகமூடி கழன்று, பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு, அப்புறம் பிழை திருத்த உட்கார வேண்டும். ஒரு நூலுக்குச் செய்யலாம், முந்நூறுக்கு முடியாது.

3. தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா?

விமர்சனங்களில் இதை யாரும் எழுதுவதில்லை. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரியாது.

'பெயர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதலில் 'ப', அதன் பின்னால்தான் ஒற்றைக் கொம்பு சேமிக்கப்படுகிறது. கொம்பைத் தூக்கி 'ப'வுக்கு முன்னால் வைப்பது கருவியின் மென்பொருள் செய்ய வேண்டிய வேலை. செய்யாத கருவியில் கொம்பு இருந்த இடத்திலேயே நின்று அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், நீங்கள் 'பயெர்' என்று படிப்பீர்கள். ஒரு பக்கத்தில் இப்படி நாற்பது சொல் வந்தால் தலைவலிதான். கிண்டில் தன் கடையில் தமிழ் நூல் விற்பதால் அதில் கவலை குறைவு. மற்ற கருவிகளில், அதுவும் பழைய மாடல்களில், வாங்கும் முன்போ திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்ளோ ஒரு தமிழ் இபப்பைத் திறந்து பெ, கொ, மோ, கௌ, ஸ்ரீ எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கட்டம் கட்டமாக வந்தால் அதில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று அர்த்தம், அதைச் சரி செய்யலாம். கிண்டில், கோபோ இரண்டிலும் 'ஃபாண்ட்ஸ்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயரிட்ட ஃபோல்டருக்குள் எழுத்துரு ஃபைலைப் போட்டால் அமைப்புகளில் அது தோன்றும். நோட்டோ செரிஃப் தமிழ் இலவசம், பார்க்கவும் நன்றாக இருக்கும். கொம்பு இடம் மாறுவது மட்டும் எழுத்துரு மாற்றிச் சரியாகிற விஷயம் இல்லை.

இன்னொன்று. தமிழ்ச் சொற்கள் நீளம். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போல ஒரு சொல் வந்து, எழுத்தையும் பெரிதாக வைத்திருந்தால், 6 இன்ச்சில் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். இருபுறமும் சமன்படுத்தும் அமைப்பு இருந்தால் சொற்களுக்கு நடுவே பல்விழுந்த இடைவெளிகள் தெரியும். இடப்பக்கம் மட்டும் சமன் என்று மாற்றி வைத்தால் பாதி சரியாகும். எழுத்தைப் பெரிதாக வைத்துத் தமிழே அதிகம் படிக்கிறவர்களுக்கு 7 இன்ச்சைப் பரிந்துரைக்கிறேன்.

4. அம்சங்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம்

எழுத்தின் கூர்மைக்குக் கொடுக்கலாம். 300 பிபிஐ (ஒரு இன்ச்சில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இப்போது மலிவான மாடல்களிலும் வந்துவிட்டது. பழைய 167 பிபிஐ மாடல் சல்லிசாகக் கிடைத்தாலும் புள்ளி வைத்த மெய்யெழுத்துகளும் சுழிகளும் அதில் பிசிறடிக்கும்.

விளக்குக்கும் கொடுக்கலாம். ஓரத்தில் இருக்கும் சிறு எல்இடிகள் ஸ்கிரீனின் மேற்பரப்பில் வெளிச்சத்தைப் பரப்பும், கண்ணை நோக்கி அடிக்காது. அதோடு வெளிச்சத்தை மஞ்சளாக்கும் வசதி இருந்தால் இரவில் படுத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு நல்லது. பகலில் மட்டும் படிப்பவர் இதற்காக அடுத்த மாடலுக்குத் தாவ வேண்டாம்.

தண்ணீர்ப் பாதுகாப்பில் ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருந்தால், கிண்டில் கணக்கில் 2 மீட்டர் நல்ல தண்ணீரில் 60 நிமிடம் தாங்கும். பெரும்பாலானவர்களுக்கு இது குளியலறை ஆடம்பரம்தான்.

கலர்? நான் இன்னும் தள்ளித்தான் நிற்கிறேன். 2024-ல் கோபோவும் கிண்டிலும் கலர் மாடல்களைக் கொண்டுவந்தன. அடியில் இருக்கும் கலைடோ 3 வகை ஸ்கிரீனில் கறுப்பு எழுத்துக்கு 300 பிபிஐ, வண்ணத்துக்குப் பாதிதான், 150. மேலே வண்ண வடிகட்டி ஒரு அடுக்காக உட்கார்ந்திருப்பதால் பின்னணி சற்று மங்கலாகத் தெரியும், விளக்கைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். வண்ணம் கைபேசியைப் போலப் பளபளக்காது, பழைய செய்தித்தாள் இணைப்பிதழ் மாதிரி இருக்கும். காமிக்ஸ் பிரியர்கள் போகலாம். அட்டைப்படம் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போக வேண்டாம்.

ஜிபியில் ஏமாறாதீர்கள். ஒரு நாவலின் இபப் பெரும்பாலும் ஒரு எம்பி சுமாருக்குள் அடங்கும், 16 ஜிபியில் ஆயிரக்கணக்கில் நிற்கும். ஒலிநூலும் ஸ்கேன் பிடிஎஃப்பும் நிறைய வைத்திருப்பவர்தான் 32-ஐப் பார்க்க வேண்டும்.

பேட்டரி விளம்பரத்தைக் கணக்குப் போட்டுப் படியுங்கள். "6 வாரம்" என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் நாளுக்கு அரை மணி நேரம், வைஃபை அணைத்து என்று இருக்கும். ஆக 21 மணி நேரம். நீங்கள் நாளுக்கு இரண்டு மணி நேரம் படித்தால் பத்து நாள். அதுவும் மோசமில்லை, ஆறு வாரம் என்று நம்பி சார்ஜர் இல்லாமல் நீண்ட பயணம் கிளம்பிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டு ஓடும் ஆனிக்ஸ் பூக்ஸ் மாதிரியான ரீடர்களில் எல்லாக் கடைகளின் ஆப்களையும் போட்டுக்கொள்ளலாம், கடைப் பூட்டுப் பிரச்சினையைச் சுற்றிப் போக இது ஒரு வழி. பேட்டரி சீக்கிரம் கரையும், அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டும், கைபேசியை விட்டு ஓடி வந்தவருக்கு இங்கேயும் நோட்டிஃபிகேஷன் காத்திருக்கும். நோண்டிப் பார்க்கப் பிடிக்கும் என்றால் வாங்குங்கள்.

5. செலவுக் கணக்கு

பெட்டியில் போட்டிருக்கும் விலை முதல் தவணை மாதிரிதான். உறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உறை இல்லாமல் பையில் போட வேண்டாம். பெரும்பாலான இ-ரீடர்களில் ஸ்கிரீனுக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது, வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே உடைந்துவிடும். சில இடங்களில் கிண்டிலை, பூட்டுத் திரையில் விளம்பரம் வரும் மலிவு வகையாகவும் விளம்பரமில்லாத வகையாகவும் விற்கிறார்கள். விளம்பரம் படிக்கும் பக்கத்தில் வராது, எனக்கு அது உறுத்தியதில்லை. மின்னூல் கடைகளின் மாதச் சந்தா எடுப்பதற்கு முன் அந்தப் பத்துப் புத்தகப் பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள், எத்தனை சந்தாவுக்குள் வருகின்றன என்று. இரண்டுதான் என்றால் சந்தா வேண்டாம்.

சரி, போட்ட காசு எப்போது திரும்பும்? நீங்கள் வாங்கும் காகிதப் புத்தகத்தின் சராசரி விலையை 1 என்று வையுங்கள். கருவியும் உறையும் சேர்ந்து 30 புத்தக விலை என்றும், மின்னூல் 0.6-க்குக் கிடைக்கிறது என்றும் வைப்போம். ஒரு நூலுக்கு மிச்சம் 0.4, ஆக 75 நூல் படித்தால்தான் முதல் திரும்பும். வருடத்துக்கு 15 நூல் என்றால் ஐந்து வருடம். அந்தப் பதினைந்தில் ஐந்து இலவச நூல் என்றால் வருட மிச்சம் 6-லிருந்து 9 ஆகிறது, மூன்று வருடம் நான்கு மாதத்தில் சமமாகிவிடும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். காகிதப் புத்தகத்தை நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய விலைக்கு விற்கலாம், பூட்டுள்ள மின்னூலில் அது நடக்காது என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழையது வாங்கினால் இந்தக் கணக்கு சட்டென்று மாறும். ஆனால் முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து கருவியை விடுவித்துவிட்டாரா என்று அவர் முன்னாலேயே பார்த்து, உங்கள் கணக்கில் பதிந்து, அதற்குப் பிறகு காசைக் கொடுங்கள்.

6. எதை எடுப்பது

பட்டியலில் கிண்டில் கடை நூல்களே அதிகம் என்றால் 6 இன்ச் அடிப்படை கிண்டில் போதும். பெரிய எழுத்தும் மஞ்சள் வெளிச்சமும் வேண்டுமென்றால் பேப்பர்வைட் என்ற கிண்டில் மாடல். இலவச இபப்களும் பல கடை நூல்களும் கலந்திருந்தால் கோபோ அல்லது பாக்கெட்புக், தமிழ் எழுத்தைச் சோதித்துவிட்டு. மின்னூல் இரவல் தரும் ஓவர்டிரைவ் சேவையில் சேர்ந்திருக்கும் நூலகத்தில் உறுப்பினர் என்றால் கோபோவிலிருந்தே இரவல் எடுக்கலாம், அந்த வசதி உள்ளவர்கள் வேறெங்கும் பார்க்க வேண்டியதில்லை. பிடிஎஃப்தான் பாதிக்கு மேல் என்றால் 10.3 இன்ச். அதன் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சிறியதை வாங்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், இருக்கிற டேப்லெட்டிலேயே படியுங்கள்.

7. வந்த முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்குள் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இருட்டறையில் விளக்கைக் கூட்டி, வெற்றுப் பக்கத்தில் ஓரம் கறுத்திருக்கிறதா, புள்ளி ஏதும் செத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தமிழ் இபப், ஒரு கடை நூல், உங்களிடம் இருப்பதிலேயே மோசமான ஒரு பிடிஎஃப், மூன்றையும் திறந்து இருபது இருபது பக்கம் படியுங்கள். கேபிள் வழியாகவும் வைஃபை வழியாகவும் தலா ஒரு ஃபைல் அனுப்புங்கள்.

பெட்டியைத் திறந்ததும், இன்னும் ஆன் செய்யாத ஸ்கிரீனில் சார்ஜ் போடச் சொல்லும் படம் ஒன்று அச்சடித்த மாதிரி இருக்கும். ஸ்டிக்கர் என்று நினைத்து ஓரத்தில் நகத்தை வைத்துச் சுரண்டாதீர்கள். மின்சாரமே இல்லாமல் அந்தத் துகள்கள் நிற்கிற கோலம்தான் அது. நான் சுரண்டினேன், இரண்டு நிமிடம்.